நலிந்த அரசுகளில் வன்முறையை ஆராய்வது எப்படிப்பட்ட வேலை?

“அரசியல் அறிவியலில் முதுகலை முடிக்கப் போகிறேன். நலிந்த அரசுகள், ஆயுதக் குழுக்கள், உள்நாட்டுப் போர் என்று ஆராயும் பேராசிரியர்கள் தினமும் என்னதான் செய்கிறார்கள்? ஆபத்தான வேலையா? இதை நம்பிப் பிழைக்க முடியுமா?” என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். 15 வருடத்துக்கு மேல் இந்தத் துறையில் கிடக்கிறேன், அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குண்டு துளைக்காத சட்டை போட்டுக்கொண்டு ஜீப்பில் போவதெல்லாம் எப்போதாவதுதான். முக்கால்வாசி நேரம் மேசை, நாற்காலி, கண் எரிச்சல். நான் முதலில் சம்பளம் வாங்கியதே செய்தித் துணுக்குகளைப் படித்து அட்டவணையில் ஏற்றியதற்குத்தான். கேட்க எளிதாக இருக்கும். துணுக்கு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: “செவ்வாய் இரவு ஆயுதம் ஏந்தியவர்கள் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றைத் தாக்கினர், பலர் பலி.” ஆயுதம் ஏந்தியவர்கள் என்றால் யார்? போராளிகளா, மாடு ஓட்டிப்போக வந்த பக்கத்து ஊர்க்காரர்களா, சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு வந்த ராணுவத்தினரா? அதே பெயரில் அந்த மாவட்டத்தில் மூன்று கிராமம் இருக்கிறது, இதில் எது? “பலர்” என்பதற்கு என்ன எண் போடுவது? காலியாக விட்டால் கூட்டும்போது அது பூஜ்யமாகிவிடும், செத்தவர்கள் கணக்கிலிருந்தே போய்விடுவார்கள். ஒரு துணுக்குக்கு அரை மணி நேரம் ஆகும், ஒரு நாளில் இருபது முப்பது துணுக்கு வரும்.

இதற்காகவே ஒவ்வொரு தரவுத்தொகுப்பும் விதிப் புத்தகம் வைத்திருக்கிறது. ஆக்லெட் (ACLED) என்று ஒன்று, டஜன் கணக்கில் இறந்ததாகச் செய்தி சொன்னால் 12 என்றும் நூற்றுக்கணக்கில் என்றால் 100 என்றும் போடச் சொல்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் திட்டத்தில் ஒரே சம்பவத்துக்குக் குறைந்த எண், கூடிய எண், நம்பத்தக்க எண் என்று மூன்று பதிவாகும். அவர்கள் கணக்கில் இரு தரப்புக்கு இடையிலான சண்டையில் ஒரு வருடத்தில் 25 பேர் இறந்தால்தான் அது ஆயுத மோதல், 1,000 ஆனால் போர். 24 பேர் இறந்திருந்தால் அந்த வருடம் அந்த மோதல் பட்டியலிலேயே இருக்காது. தப்பு என்று சொல்லவில்லை, எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலேயே “உலகில் போர் குறைந்துவிட்டது”, “கூடிவிட்டது” என்று வரைபடம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

எண்ணிக்கையின் பின்னால் எவ்வளவு பெரிய சண்டை நடக்கும் என்பதற்கு இராக் போதும். 2006இல் வீடு வீடாகக் கேட்டு நடத்திய ஓர் ஆய்வு, படையெடுப்புக்குப் பிறகு சுமார் 6,55,000 பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று லான்செட் மருத்துவ இதழில் சொன்னது. கிட்டத்தட்ட அதே காலத்துக்கு உலக சுகாதார நிறுவனமும் இராக் அரசும் சேர்ந்து நடத்திய இன்னும் பெரிய கணக்கெடுப்பு, வன்முறையில் மட்டும் 1,51,000 பேர் என்றது. பத்திரிகைச் செய்திகளைக் கூட்டியவர்கள் அப்போது 50,000ஐக்கூடத் தொடவில்லை. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் விஷயம் பெரும்பாலும் முறையில் இருக்கிறது. செய்தியில் வந்த சாவை எண்ணினால் செய்தியாளர் போக முடியாத ஊர் விட்டுப்போகும். வீடு வீடாகப் போனால், எந்தத் தெருவில் நுழைந்தார்கள், குடும்பமே அழிந்துபோன வீட்டில் யார் கதவைத் திறப்பார், இறப்புச் சான்றிதழ் கேட்டார்களா என்பதைப் பொறுத்து எண் ஏறும், இறங்கும். காங்கோவிலும் இதே கதைதான். 1998 முதல் 2007 வரை 54 லட்சம் பேர் என்று ஒரு நிவாரண அமைப்பின் ஆய்வு சொன்னது. அதில் பெரும்பங்கு குண்டடிபட்டுச் செத்தவர்கள் இல்லை. மலேரியா, வயிற்றுப்போக்கு, பட்டினி. போர் இல்லாவிட்டால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று முதலில் ஊகித்து, அதைக் கழித்துத்தான் அந்த எண் வருகிறது. அந்த ஊகத்தைக் கொஞ்சம் மாற்றினாலே லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும், பிற்பாடு சர்ச்சையும் அதில்தான் வெடித்தது. இந்த வேலையில் முதல் பாதி என்ன என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: யார் எண்ணினார்கள், யார் சொல்லித் தெரிந்தது, சொன்னவர் எந்த நிலையில் இருந்து சொன்னார்.

சரி, “நலிந்த அரசு” என்ற சொல்லுக்கு வருவோம். தன் நாட்டைக் கட்டுப்படுத்தவோ மக்களைக் காக்கவோ வலுவில்லாத அரசு என்று பொருள். அமெரிக்க அமைப்பு ஒன்று 2005இலிருந்து நாடுகளை வரிசைப்படுத்துகிறது. 12 அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண், மொத்தம் 120, கூடினால் நிலைமை மோசம். முதலில் “தோல்வியுற்ற அரசுகள்” என்றுதான் பெயர், பல பக்கமிருந்தும் திட்டு வாங்கி 2014இல் “நலிந்த” என்று மாற்றினார்கள். பெயர் மாறியது, பழக்கம் மாறவில்லை. அரசு இல்லாத இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் குழப்பம் என்று நினைக்கிற பழக்கத்தைத்தான் சொல்கிறேன். களத்தில் கால் வைத்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சோமாலியாவின் நெடுஞ்சாலையில் ஒரு லாரி போகிறது. அல்-ஷபாப் என்ற ஆயுத இயக்கத்தின் சாவடியில் நிறுத்துகிறார்கள், சரக்கைப் பார்த்து வரி போடுகிறார்கள், ரசீது கொடுக்கிறார்கள். அடுத்து அவர்களுடைய இன்னொரு சாவடி வந்தால் ரசீதைக் காட்டினால் போதும், மறுபடி கேட்க மாட்டார்கள். அரசுத் தரப்புச் சாவடிகள் உள்ள சாலையில் போனால் ஒவ்வொரு சாவடியிலும் தனித்தனியாக அழ வேண்டும், ரசீதும் கிடையாது. இதை எழுதினால் அல்-ஷபாப்புக்கு வக்காலத்து வாங்குகிறாய் என்பார்கள். வக்காலத்து ஒன்றும் இல்லை, குண்டு வைத்துப் பொதுமக்களைக் கொல்கிற அதே இயக்கம்தான் இது. ஆனால் அவர்களிடம் கணக்குப் புத்தகம் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் அவர்கள் ஏன் இத்தனை வருடம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று விளங்கிக்கொள்ள முடியாது. பக்கத்திலேயே சோமாலிலாந்து. 1991இல் சோமாலியாவிலிருந்து பிரிவதாக அறிவித்து, 1993இல் போராமா என்ற ஊரில் குலத் தலைவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி, பெரும்பாலும் உள்ளூர் மக்கள் கொடுத்த சாப்பாட்டிலும் பணத்திலுமே ஓர் ஆட்சி அமைப்பை உண்டாக்கினார்கள். இதையெல்லாம் 120 மதிப்பெண் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் போடுவது?

இலங்கை நிலைமை நம் வாசகர்களுக்கு அறிமுகமானதுதான். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் காவல்துறை அவர்களுடையது, நீதிமன்றம் அவர்களுடையது, வரி அவர்களுடையது. ஆனால் பள்ளி ஆசிரியருக்கும் ஆஸ்பத்திரி ஊழியருக்கும் கச்சேரி (மாவட்ட அரசு அலுவலகம்) எழுத்தருக்கும் சம்பளம் கொழும்பிலிருந்து போய்க்கொண்டிருந்தது. ஒன்றையொன்று அழிக்கச் சண்டை போடும் இரண்டு தரப்பு, ஒரே ஊரை இப்படிப் பங்கு போட்டு நிர்வகித்தது. கிளர்ச்சியாளர் ஆட்சி பற்றி எழுதும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப இந்த உதாரணத்துக்கு வருவது இதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு கிழக்குக் காங்கோவில் நடந்தது. ராவுல் சான்செஸ் டெ லா சியெரா என்ற பொருளியலாளர் செய்தது. 2000இல் மின்னணுப் பொருட்களுக்கான தேவையால் கோல்டான் என்ற தாதுவின் விலை திடீரென்று எகிறியது. கோல்டான் கனமானது, மூட்டை மூட்டையாகத்தான் வெளியே போகும், மறைக்க முடியாது. அதனால் ஆயுதக் குழுக்கள் சுரங்கத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டன. கொள்ளையடித்துவிட்டு ஓடுவதை நிறுத்தி, வரி வாங்கி, பதிலுக்கு மற்ற கொள்ளைக்காரர்களிடமிருந்து காவலும் கொடுத்தன. தங்கத்தின் விலை ஏறியபோது சுரங்க வாசலில் இப்படி நடக்கவில்லை. தங்கத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம், வாசலில் நின்று என்ன பயன்? அங்கே குழுக்கள், தோண்டுகிறவர்கள் குடியிருந்து செலவு செய்கிற ஊர்களுக்குப் போய் வரி போட்டன. பொருளின் எடை, ஓர் ஊரில் எந்த மாதிரி “அரசு” முளைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கொலைக்கும் இப்படியொரு கணக்கு இருக்கிறது. ஸ்டாதிஸ் கலிவாஸ் என்பவர் 1940களின் கிரேக்க உள்நாட்டுப் போரை ஆர்கோலிட் பகுதியில் கிராமம் கிராமமாக ஆராய்ந்தார். ரத்தம் அதிகம் ஓடுவது இரு தரப்பும் சமபலத்தில் மோதும் இடத்தில்தான் என்றுதானே நாம் நினைப்போம்? ஆள் பார்த்துக் கொல்கிற கொலைகள் அங்கே குறைவு என்கிறார் அவர். அங்கே எவனும் எவனையும் காட்டிக்கொடுக்கத் துணிய மாட்டான், மறுநாள் எதிர்த் தரப்பு வந்து பழி தீர்த்துவிடும். ஒரு தரப்பின் கை ஓங்கியிருக்கிறது, ஆனால் முழுப்பிடி இல்லை என்ற ஊரில்தான் ஆபத்து. காட்டிக்கொடுப்பவனுக்குத் துணிச்சல் இருக்கும், கொல்ல வருகிறவனுக்குத் தேவையும் இருக்கும். அப்படிக் காட்டிக்கொடுத்த பல சம்பவங்களில் கொள்கை கோட்பாடு ஒன்றும் இல்லை. வரப்புத் தகராறு, பொறாமை, பழைய குடும்பப் பகை. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் மேல் மட்டத்துச் சண்டையைப் போட்டார்கள், ஊர்க்காரர்கள் அதை வைத்துத் தங்கள் சண்டையைத் தீர்த்துக்கொண்டார்கள்.

போர் மட்டும்தான் பாடம் என்று வராதீர்கள், இதையும் சொல்லியாக வேண்டும். ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகக் கணக்கில் 2017இல் உலகம் முழுக்கக் கொலையுண்டவர்கள் சுமார் 4,64,000 பேர், ஆயுத மோதல்களில் இறந்தவர்கள் 89,000. துறையின் பணமும் கவனமும் இந்த இரண்டாவது எண்ணின் பின்னால்தான் ஓடுகிறது. கும்பல், போலீஸ், தெருச் சண்டை என்று ஆராய்கிறவர்கள் நம் மாநாடுகளில் இன்னும் ஓர் ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் திருட்டு, போதைப்பொருள் விற்பனை என்று இருந்த 999 இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது, கிறிஸ்டபர் பிளாட்மனும் கூட்டாளிகளும் செய்தது. சிலருக்கு எட்டு வாரம் மனநல ஆலோசனை, சிலருக்கு 200 டாலர் ரொக்கம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஒன்றும் இல்லை. இரண்டும் கிடைத்தவர்களிடம் பத்து வருடம் கழித்தும் திருட்டும் வன்முறையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. இவ்வளவு நாள் பொறுத்திருந்து திரும்பிப் போய்ப் பார்த்த ஆய்வுகள் நம் துறையில் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இனிக் களப்பணி. “நீங்கள் யாரை ஆதரிக்கிறீர்கள்?” என்று போய்க் கேட்கவே முடியாது. கேட்டால் பொய்தான் வரும், உண்மை வந்தால் இன்னும் மோசம். அதற்குச் சுற்று வழிகள் இருக்கின்றன. ஆப்கானிஸ்தானில் 2011இல் 204 கிராமங்களில் 2,754 ஆண்களிடம் நடந்த ஆய்வில், சிறைச் சீர்திருத்தம் மாதிரி ஒரு திட்டத்தைச் சொல்லி ஏற்கிறீர்களா என்று கேட்டார்கள். சிலருக்கு வெறும் திட்டம் மட்டும். சிலருக்கு “இதை வெளிநாட்டுப் படை ஆதரிக்கிறது” என்று ஒரு வரி கூடுதல், சிலருக்கு “தாலிபான் ஆதரிக்கிறது” என்று. குழுக்களின் பதில்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்திலிருந்து சாய்வு தெரியும், தனி ஆள் யாரும் மாட்ட மாட்டார். கிடைத்த முடிவு கசப்பானது. வெளிநாட்டுப் படையால் பாதிக்கப்பட்டவர்களிடம் அந்தப் படைக்கு ஆதரவு குறைந்து தாலிபானுக்குக் கூடியது. தாலிபானால் பாதிக்கப்பட்டவர்களிடம் அந்த வெறுப்பு வெளிநாட்டுப் படைக்கு ஆதரவாக மாறவே இல்லை.

நேரில் பேட்டி எடுப்பது வேறு தலைவலி. ஆரம்ப காலத்தில் நான் ஒரு கட்டுரை வரைவில், பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, “அந்தக் கிராமத்துப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் சொன்னது” என்று எழுதியிருந்தேன். ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கிறேன் என்று எனக்கே ஒரு பெருமை. அனுப்பிய அன்றே என்னோடு வேலை செய்த உள்ளூர் ஆய்வாளர் ஃபோன் பண்ணினார். “சார், அந்த ஊரில் எத்தனை பள்ளிக்கூடம்?” ஒன்றுதான். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பத்தியையே தூக்கிவிட்டேன். கட்டுரையில் இருந்த ஒரே நல்ல மேற்கோள் அது. அதற்குப் பிறகு எந்த வரைவையும் அந்தப் பகுதி ஆள் ஒருவர் படிக்காமல் வெளியே விட்டதில்லை.

ரகசியம் காப்போம் என்று நாம் கொடுக்கிற வாக்குக்கும் ஓர் எல்லை உண்டு. பாஸ்டன் கல்லூரி 2001இலிருந்து வட அயர்லாந்து முன்னாள் ஆயுதக் குழுவினரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தது, நீங்கள் சாகும்வரை வெளியே வராது என்ற உறுதியோடு. 2011இல் பிரிட்டனின் வேண்டுகோளின் பேரில் அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தது, பதிவுகள் சில போலீஸ் கைக்குப் போயின, 2014இல் கைதுகள் நடந்தன. 2019இல் ஒரு வழக்கில் அந்தப் பதிவுகள் நம்பத்தக்க சாட்சியமே இல்லை என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது, அதற்குள் நடக்க வேண்டிய சேதம் நடந்து முடிந்திருந்தது. அதனால் சட்டத்தின் கையில் சிக்கினால் ஆபத்தான எதையும் நான் பதிவே செய்வதில்லை. கேட்பேன், ஊர் பெயர் இல்லாமல் குறிப்பு எடுப்பேன், பலதைக் குறிப்பும் எடுக்க மாட்டேன். பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. ஒப்புதல் கையெழுத்து வாங்கினாயா என்று கேட்பார்கள். சாவடியில் பையைக் கிளறினால் அந்தக் கையெழுத்துத் தாள்தான் முதலில் மாட்டும் என்பதை விளக்கியே எனக்கு ஒரு வருடம் போனது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதில் பாதிப் பதில் வந்துவிட்டது. ஆபத்து உண்டு. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சி மாணவர் ஜூலியோ ரெஜேனி 2016 ஜனவரியில் கெய்ரோவில் காணாமல் போனார், சித்திரவதைக் காயங்களோடு உடல் கிடைத்தது. அவர் ஆராய்ந்தது தொழிற்சங்கங்களை. ஆயுதக் குழுக்களின் பக்கமே போகவில்லை. அவர் பழகிய ஒரு சங்கத் தலைவர் ரெஜேனியைப் பற்றிப் போலீஸுக்குத் தகவல் கொடுத்தது அவருக்குத் தெரியாது, அந்த ஆளே பின்னால் ஒப்புக்கொண்டார். ஆனாலும் கணக்குப் பார்த்தால் வெளியிலிருந்து போகிற நமக்கு ஆபத்து குறைவு. நமக்குக் காப்பீடு இருக்கிறது, பாஸ்போர்ட் இருக்கிறது, நிலைமை கெட்டால் விமானம் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் வழி பார்த்து, மொழிபெயர்த்து, நாம் போன பிறகும் அதே ஊரில் இருக்கிறவர்களுக்கு அது எதுவும் இல்லை. புத்தகத்தின் நன்றியுரையில் அவர்களுக்கு ஒரு வரி வரும். கிழக்குக் காங்கோவின் புக்காவு நகரத்து ஆய்வாளர்கள் இதைக் கோபத்தோடு எழுதியே விட்டார்கள். எழுதியது நியாயம்தான், ஆசிரியர் பெயர்களில் அவர்கள் பெயரும் வர வேண்டும், சம்பளமும் காப்பீடும் திட்ட மதிப்பீட்டிலேயே எழுதப்பட வேண்டும்.

பிழைப்பு. முனைவர் பட்டத்துக்கு நான்கிலிருந்து ஆறு வருடம், அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருட ஒப்பந்த வேலைகள் ஒன்றோ இரண்டோ, அதிர்ஷ்டம் இருந்தால் நிரந்தர இடம். இந்தத் துறைக்கே உரிய சிக்கல் என்னவென்றால் பணம் பெரும்பாலும் பணக்கார அரசுகளின் உதவி நிதியிலிருந்து வருகிறது, அந்த அரசுகளின் மனநிலை மாறினால் நம் ஆய்வும் போய்விடும். 2021இல் பிரிட்டன் வெளிநாட்டு உதவியை வெட்டியபோது ஆராய்ச்சி நிதியில் 12 கோடி பவுண்டு துண்டு விழுந்தது, ஓடிக்கொண்டிருந்த திட்டங்களையே பாதியில் வெட்டினார்கள். 2025இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் மூடப்பட்டது. அதன் பணத்தில் 1984இலிருந்து நடந்துவந்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பும் நிறுத்தப்பட்டது. சரியான இறப்புப் பதிவேடு இல்லாத நாடுகளில் நாங்கள் அடித்தளமாக வைத்துக்கொண்டது அந்தக் கணக்கெடுப்பைத்தான்.

ராணுவப் பணமும் வரும், நல்ல சம்பளத்தோடு. அமெரிக்க ராணுவம் 2007 முதல் 2014 வரை மானுடவியலாளர்களையும் சமூக அறிவியலாளர்களையும் படைப்பிரிவுகளோடு ஆப்கானிஸ்தானுக்கும் இராக்குக்கும் அனுப்பியது. அமெரிக்க மானுடவியல் சங்கமே அதை எதிர்த்தது. காரணம் எளிது: படையோடு வந்து கேள்வி கேட்டவரையும் தனியாக வந்து கேட்டவரையும் ஊர்க்காரர்கள் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்கள்? அந்த மாதிரி வாய்ப்பு வரும்போது வேண்டாம் என்று சொல்ல, கையில் வேறு வருமானம் இருக்க வேண்டும். அதனால் புள்ளியியலை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் கைவிட்டாலும் தரவு வேலை எங்காவது கிடைக்கும்.

எந்த நாட்டை எடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, எல்லோரும் கடைசியில் அங்கேதான் வருவார்கள். செய்தியில் இன்றைக்குப் பெரிதாக அடிபடும் நாட்டை எடுக்காதீர்கள், உங்கள் கட்டுரை வருவதற்குள் ஆறு வருடம் ஓடிவிடும். முதலில் மொழியைத் தேர்ந்தெடுங்கள். சுவாஹிலியோ அரபியோ பிரெஞ்சோ சோமாலியோ, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ஒரு டீக்கடைப் பேச்சைப் பின்தொடரும் அளவுக்கு வந்த பிறகு நாட்டைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை ஒன்று செய்து பாருங்கள். ஏதாவது ஒரு நாட்டின் ஒரு மாதத்துச் செய்திகளை எடுத்து, 50 வன்முறைச் சம்பவங்களை நீங்களே அட்டவணையில் ஏற்றுங்கள்: தேதி, இடம், யார், யாரை, எத்தனை பேர், செய்தி யார் சொல்லி வந்தது. பிறகு அதே மாதத்தை ஆக்லெட்டிலும் உப்சாலாவிலும் தேடி ஒப்பிடுங்கள். எங்கெங்கே உங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் இடிக்கிறதோ அதையெல்லாம் தனியாக எழுதி வையுங்கள். நெறியாளருக்கு அனுப்பும் முதல் கடிதத்தோடு அந்த ஒரு பக்கத்தை இணைத்துவிடுங்கள்.